வாவி ஏன் சீமெந்தாக மாறியது: கிட்டங்கியில் ஆற்றுவாழையை நிறமாலைக் கோணத்தால் தேடியபோது

மடிக்கணினியைத் திறந்து, செய்மதிப் படத்திலிருந்து செய்த வரைபடத்தைக் காட்டியதும் மாமா கேட்ட முதற் கேள்வி இதுதான்: “இதுல தண்ணி எங்க மனே இரிக்கி?”

துறைநீலாவணைப் பக்கத்தில் சின்ன வயதிலிருந்தே தோணி வலிக்கிறவர் அவர். படத்தில் எது எங்கே இருக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. என் வரைபடத்தில் வாவி முழுவதும் சாம்பல் நிறத்தில் கிடந்தது. அந்த நிறத்தை நான் ஒதுக்கியிருந்தது கொங்கிறீற்றுக்கும் சீமெந்துத் தளத்துக்கும். நீரில் மிதந்து பரவுகிற ஆற்றுவாழைக்கு (ஆகாயத்தாமரை என்றும் சொல்வார்கள்) ஊதா நிறம் கொடுத்திருந்தேன். கிட்டங்கிப் பாலத்துக்கு இரு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் வாழை மூடிக் கிடந்த நாளில் எடுத்த படத்தில் ஊதா ஒரு புள்ளிகூட இல்லை. இரண்டு இரவு கண்விழித்துச் செய்த வேலை அது. பிழை எங்கே என்று கண்டுபிடிக்க மேலும் நான்கு நாள் போனது. அந்த நான்கு நாளும் அதன் பிறகு நடந்ததும்தான் இந்த ஆய்வு. இதே வேலையில் இறங்குகிற இன்னொருவருக்கு அந்த நாட்கள் மிஞ்ச வேண்டும் என்பதற்காக எண்களோடு எழுதுகிறேன்.

இடமும் தேவையும்

கல்முனையிலிருந்து நற்பிட்டிமுனை தாண்டிச் சவளக்கடை, நாவிதன்வெளிப் பக்கம் போகிறவர்கள் கிட்டங்கியைக் கடந்துதான் போக வேண்டும். மட்டக்களப்பு வாவியின் தென்கோடி நீர் இது. மாரியில் வெள்ளம் வீதிக்கு மேலால் பாயும். அந்த வெள்ளத்தோடு ஆற்றுவாழையும் திரண்டு வந்து பாலத்தடியில் அடைத்துக்கொள்ளும். நீர் வடிய வழியில்லாமல் மேலே இருக்கிற வயல் வட்டைகளுக்குள் ஏறும். மீனவருக்கு வலைபோட இடமில்லை, தோணி நகராது, வாழைக்குள் முதலை படுத்திருந்தாலும் தெரியாது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் செடியை ஒழிக்க இலங்கையில் 1909இலேயே ஒரு கட்டளைச் சட்டம் கொண்டுவந்தார்கள். நூறு வருடம் தாண்டியும் அது நம் வாவியை விட்டுப் போகவில்லை.

மீனவர் சங்கத்தவர்கள் என்னிடம் கேட்டது சிக்கலான ஒன்றல்ல. வாழை எங்கே எங்கே நிரந்தரமாகக் கிடக்கிறது, மாரி வெள்ளம் எந்த மூலையிலிருந்து அதைக் கிளப்பிக்கொண்டு வருகிறது என்று ஒரு வரைபடம் வேண்டும். ஒவ்வொரு வருடமும் பாலத்தடியில் அள்ளிக் கொட்டுகிறார்கள், அடுத்த வருடம் அதே அளவு வருகிறது. அது உற்பத்தியாகிற இடத்தைக் காட்டினால் மனுக்கொடுக்கலாம் என்பது அவர்களின் எண்ணம். நியாயமான எண்ணம்.

செலவில்லாமல் கிடைப்பது ஐரோப்பிய விண்வெளி முகவரகத்தின் சென்டினல்-2 செய்மதிப் படங்கள். முதலாவது செய்மதி 2015 ஜூனில் ஏவப்பட்டது, இரண்டாவது 2017 மார்ச்சில். சோடியாகப் பறக்கிற இரண்டு செய்மதிகள் சேர்ந்து ஐந்து நாளைக்கு ஒரு தடவை நம் தலைக்கு மேல் வரும், காலை பத்தரை மணி அளவில். ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து அளக்கிற 13 பட்டைகள் உள்ளன. நீலம், பச்சை, சிவப்பு, அகன்ற செந்நிறக்கீழ் ஆகிய நான்கும் 10 மீற்றர் பிக்சல். சிவப்புக்கும் செந்நிறக்கீழுக்கும் இடையிலுள்ள குறுகிய பட்டைகளும் குறுகிய செந்நிறக்கீழ்ப் பட்டையும் குறுஅலைச் செந்நிறக்கீழ்ப் பட்டைகளும் 20 மீற்றர். மிச்சம் மூன்றும் 60 மீற்றர். அவை வளிமண்டலத்தை அளப்பதற்கு, நமக்கு வேண்டாம்.

கோணம் என்றால் என்ன

ஒரு பிக்சலை எடுத்தால் ஒவ்வொரு பட்டையிலும் ஒரு தெறிப்பு எண் இருக்கும், விழுந்த ஒளியில் எவ்வளவு திரும்பி வந்தது என்று. அந்த எண்களின் வரிசைதான் அந்த இடத்தின் நிறமாலை. நமக்குத் தெரிந்த பொருள் ஒன்றின் நிறமாலையை முன்னால் வைத்துக்கொண்டு, படத்திலுள்ள ஒவ்வொரு பிக்சலும் அதற்கு எவ்வளவு கிட்ட நிற்கிறது என்று அளப்பதே வேலை. கிட்ட நிற்பதை எப்படி அளப்பது என்பதில்தான் முறைகள் பிரிகின்றன. நான் எடுத்தது நிறமாலைக் கோணம். 1993இல் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபிரெட் குரூஸும் கூட இருந்தவர்களும் வெளியிட்ட மென்பொருள் கட்டுரையின் வழியாகப் பரவியது இது. கனிமங்களை விமானத்திலிருந்து தேடுகிற வேலைக்கு வந்த முறை. ஆறு பட்டை என்றால் ஆறு அச்சுள்ள வெளியில் ஒவ்வொரு பிக்சலும் மூலப்புள்ளியிலிருந்து புறப்படுகிற ஓர் அம்பு. பாடசாலையில் நாம் படித்த காவிதான். இரண்டு அம்புகளுக்கிடையே உள்ள கோணம் சிறிதென்றால் இரண்டும் ஒரே பொருள்.

சொல்லிக்கொண்டு போவதைவிடக் கணக்கைச் செய்து காட்டுகிறேன். நீலம், பச்சை, சிவப்பு, செவ்விளிம்பு (சிவப்புக்கும் செந்நிறக்கீழுக்கும் இடைப்பட்டது), செந்நிறக்கீழ், குறுஅலைச் செந்நிறக்கீழ் என்று ஆறு பட்டை. தெறிப்பு நூற்றுவீதத்தில். கையால் போட்டுப் பார்க்க வசதியாக முழு எண்ணாக்கியிருக்கிறேன்.

ஆற்றுவாழை: 2, 5, 3, 30, 38, 14
பச்சை வயல்: 3, 6, 4, 24, 30, 12
வாவி நீர்: 5, 6, 4, 3, 2, 1
கொங்கிறீற்று: 20, 23, 25, 27, 28, 30

வாழையையும் வயலையும் பட்டைக்குப் பட்டை பெருக்கிக் கூட்டினால் 2076. வாழை அம்பின் நீளம் 50.8, வயலின் நீளம் 41. இரண்டு நீளத்தின் பெருக்கத்தால் 2076ஐப் பிரித்தால் 0.9972. அதுதான் கோணத்தின் கோசைன், கோணம் 4.3 பாகை.

இந்த முறையின் அழகு எங்கே தெரியும் என்றால், மெல்லிய மேகநிழல் விழுந்து வாழையின் எல்லா எண்ணும் பாதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 1, 2.5, 1.5, 15, 19, 7. அம்பு கட்டையாகிவிட்டது, ஆனால் திசை இம்மியும் மாறவில்லை. கோணம் பூச்சியம். மாரியில் நம் பக்கத்து வானம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இது பெரிய உதவி. வெளிச்சம் கூடினாலென்ன குறைந்தாலென்ன, செடி செடிதான் என்று கண்டுகொள்கிற முறை. அதை நம்பித்தான் இறங்கினேன்.

ஊதா வராத படம்

என்னிடம் இருந்த மாதிரி நிறமாலை 2021இல் எடுத்த ஒரு படத்திலிருந்து நானே பொறுக்கியது. கணக்குப் போடும் நிரல், முன்பு நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் பயன்படுத்தியது. அதில் படத்தின் எண்ணை 10000ஆல் பிரித்துத் தெறிப்பாக்குகிற ஒரு வரி இருந்தது. பல தடவை ஓடிய நிரல். அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மாதிரியிலிருந்து எவ்வளவு கோணம் வரை அதே பொருள் என்று எடுப்பது என்பதற்கு எல்லையாக 0.1 ரேடியன் வைத்தேன், அதாவது 5.7 பாகை. பல மென்பொருள்களில் தொடக்கத்திலேயே நிரப்பப்பட்டு வருகிற எண் அது. வாழை வரவில்லை. மாதிரி பழசு, செடி இப்போது வேறு பருவத்தில் இருக்கும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு 0.25க்கு விரித்தேன். அடர்ந்த வாழைத் திட்டுகள் வந்தன. மனம் நிறைந்தது. ஆனால் பாலத்துக்குக் கிழக்கே மேகநிழல் விழுந்த பக்கம் வெறுமையாக இருந்தது. 0.37க்கு விரித்தேன். நிழலிலுள்ள வாழை வந்தது, அதோடு சவளக்கடை வட்டைகள் முழுவதும் ஊதாவாகின.

இங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நிழலைப் பொருட்படுத்தாத முறை என்று நம்பி எடுத்த முறை, நிழலிலுள்ள வாழையை வெயிலிலுள்ள வயலைவிடத் தூரத்தில் வைக்கிறது. எல்லையை விரிப்பதும் சுருக்குவதுமாக இரண்டு நாள் போக்கினேன். கடைசியில் மறுபடி 0.1க்கே வந்து, வாழையை விட்டுவிட்டு மற்ற வகுப்புகளாவது சரியா என்று பார்க்க அந்தப் படத்தைத்தான் மாமாவிடம் கொண்டுபோனேன். எல்லைக்குள் எதுவும் அகப்படாத பிக்சலுக்கு, இருப்பதில் கிட்ட நிற்கிற வகுப்பின் நிறத்தைப் பூசச் சொல்லியிருந்தேன். தண்ணீர் எங்கே என்று அவர் கேட்டார்.

வாழையைப் பற்றிய கேள்வியாக அது இருந்திருந்தால் இன்னும் சில நாள் மாதிரியையே குறை சொல்லிக்கொண்டிருப்பேன். ஆனால் தண்ணீருக்குப் பருவமில்லை. வாவி நீரின் ஒரு பிக்சலைத் தொட்டு எண்களைப் பார்த்தேன். செந்நிறக்கீழ்ப் பட்டையில் 1200. 10000ஆல் பிரித்தால் 0.12, அதாவது 12 வீதம். தண்ணீர் செந்நிறக்கீழ் ஒளியை விழுங்கிவிடும். வாவி நீர் அந்தப் பட்டையில் 12 வீதம் தெறிக்க வழியே இல்லை. நடுக்கடலில் ஒரு பிக்சலைத் தொட்டேன். அங்கேயும் ஆயிரத்தைத் தாண்டியே நின்றது.

2022 ஜனவரி 25ஆம் திகதியிலிருந்து சென்டினல்-2 படங்களைப் பதப்படுத்தும் முறையின் 04.00ஆம் பதிப்பு நடைமுறைக்கு வந்தது. அதிலிருந்து ஒவ்வொரு பட்டையின் ஒவ்வொரு எண்ணோடும் 1000 கூட்டித் தருகிறார்கள். இருண்ட பரப்புகளில் பூச்சியத்துக்குக் கீழே போகிற அளவுகள் வெட்டுப்பட்டுப் போகாமலிருக்கச் செய்த நல்ல காரியம்தான் அது. பயன்படுத்துகிறவர் முதலில் 1000ஐக் கழித்துவிட்டுத்தான் 10000ஆல் பிரிக்க வேண்டும். என் மாதிரி 1000 கூட்டாத காலத்துப் படத்திலிருந்து வந்தது. புதுப் படம் கூட்டியது. நிரல் இரண்டையும் ஒரே கண்ணால் பார்த்தது.

1000 என்பது 10 வீதத் தெறிப்பு. மேலே தந்த எண்களோடு 10ஐக் கூட்டிப் பாருங்கள். வாழை 12, 15, 13, 40, 48, 24 ஆகும். இந்த வாழைக்கும் பழைய வாழைக்கும் கோணம் 13.5 பாகை. ஒரே செடி, ஒரே வெயில். 0.1 ரேடியன் எல்லைக்கு வெளியே போய்விட்டது. அதனால்தான் ஊதா வரவில்லை. வயலோடு 10ஐக் கூட்டினால் பழைய வாழையிலிருந்து 18.3 பாகை. நிழலிலுள்ள வாழையோடு கூட்டினால் 20.7 பாகை. நிழல் வாழை வயலைவிடத் தூரத்தில் நிற்பதன் காரணம் இப்போது எண்ணாகவே தெரிகிறது. பெருக்கினால் அம்பு தன் திசையிலேயே நீளும், குறுகும். எல்லாப் பட்டையிலும் ஒரே எண்ணைக் கூட்டினால் அம்பின் நுனி பக்கவாட்டில் தள்ளுப்படும். கட்டை அம்புதான் கூடுதலாகத் திரும்பும். வெளிச்சத்தைப் பார்க்காத முறை, ஒரு கூட்டலால் வெளிச்சத்தை மட்டுமே பார்க்கிற முறையாகிவிட்டது.

வாவி நீர்தான் மிகக் கட்டை அம்பு, அதுதான் மிகவும் திரும்பியது. 10ஐக் கூட்டினால் 15, 16, 14, 13, 12, 11. கிட்டத்தட்ட மட்டமான கோடு. உண்மையான நீரிலிருந்து இது 18.8 பாகை, கொங்கிறீற்றிலிருந்து 14.2 பாகை. மென்பொருள் பிழை விடவில்லை. கிட்ட நின்றதைக் கிட்ட என்று சொன்னது. 10ஐக் கூட்டாத நீருக்கும் கொங்கிறீற்றுக்கும் இடையே 32.8 பாகை இருக்கிறது.

இதைத் திகதியை வைத்துத் தீர்மானிக்கலாம் என்று நினைக்காதீர்கள். பழைய படங்களையும் பின்னால் மறுபடி பதப்படுத்தியிருக்கிறார்கள். 2019இல் எடுத்த படம்கூட இன்று இறக்கினால் 1000 கூட்டியதாக வரலாம். படத்தோடு வருகிற விவரக் கோப்பில் எழுதியிருக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும். அமெரிக்கச் செய்மதியான லான்ட்சாட்டின் இரண்டாம் தொகுப்புப் படங்களிலும் இதுபோன்ற ஒரு வேலை உண்டு: எண்ணை 0.0000275ஆல் பெருக்கி 0.2ஐக் கழிக்க வேண்டும். பெருக்கிவிட்டுக் கழிக்க மறந்தால் இதே கதைதான், இரண்டு மடங்காக. இப்போது நான் எந்தப் படத்தை எடுத்தாலும் முதலில் கல்முனைக்கு வெளியே ஆழ்கடலில் ஒரு பிக்சலைத் தொட்டுச் செந்நிறக்கீழ் எண்ணைப் பார்க்கிறேன். அது பூச்சியத்துக்குக் கிட்ட நிற்காவிட்டால் மேற்கொண்டு எதுவும் செய்வதில்லை. வானத்து மங்கல் போதாமல் திருத்தப்பட்டிருந்தாலும் இதே இடத்தில் அகப்படும், ஏனென்றால் மங்கலும் கூட்டலாகத்தான் வருகிறது.

வயலும் வாழையும் ஒரே பச்சை

கழித்துவிட்டுத் திரும்ப ஓட்டினேன். வாவி வாவியானது. வாழை முழுக்க வந்தது. வயலும் முழுக்க வந்தது.

4.3 பாகைதானே வித்தியாசம், எல்லை 5.7. வேறு எப்படி இருக்கும்? ஏன் இவ்வளவு நெருக்கம் என்று எண்களை ஆராய்ந்தபோது ஒன்று புரிந்தது. வாழை அம்பின் நீளத்தின் வர்க்கம் 2578. அதில் செவ்விளிம்பும் செந்நிறக்கீழும் மட்டும் 2344, அதாவது 91 வீதம். நீலம், பச்சை, சிவப்பு மூன்றும் சேர்ந்து 38, ஒன்றரை வீதம். கண்ணால் பார்க்கிறபோது நாம் செடிகளைப் பிரித்தறிகிற நிறமெல்லாம் இந்தக் கணக்கில் குரலில்லாமல் போகிறது. பச்சையாக இருக்கிற எந்த இலையும் செந்நிறக்கீழில் உயர்ந்து நிற்கும், அந்த உயரம்தான் திசையைத் தீர்மானிக்கும். குரூஸ் காலத்தில் விமானக் கருவி 224 குறுகிய பட்டைகளில் அளந்தது. கனிமத்தின் ஒவ்வொரு சிறு பள்ளமும் நிறமாலையில் தெரியும். பத்துப் பட்டையை வைத்துக்கொண்டு அதே நுட்பத்தை எதிர்பார்ப்பது முறைக்குச் செய்கிற அநியாயம்.

எல்லையை 0.05க்குச் சுருக்கினேன். வயல் போனது. வாழைத் திட்டுகளின் நடுப்பகுதி நின்றது. ஆனால் ஒவ்வொரு திட்டையும் சுற்றி ஒரு வயல் வளையம் முளைத்தது, நீருக்கு நடுவில்.

இந்த வளையத்தை நான் சும்மா விடவில்லை, ஏனென்றால் இதற்குள்தான் முழு விஷயமும் இருந்தது. திட்டின் ஓரத்துப் பிக்சலில் பாதி வாழை, பாதி தண்ணீர் என்று வைத்தால் எண்கள் 3.5, 5.5, 3.5, 16.5, 20, 7.5. வாழையிலிருந்து இதன் கோணம் 8.6 பாகை. வயலிலிருந்து 4.8 பாகை. பாதி வாழை வயலாகத்தான் தெரியும்!

வயல் வட்டைக்குப் பொறுப்பான வட்டவிதானை ஐயாவிடம் இந்தப் படத்தைக் காட்டியபோது அவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, நடு மாரியில வயலெண்டாலே பாதி தண்ணிதானே.” அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. பயிர் மூடாத வயல் என்பது இலையும் தண்ணீரும் கலந்த பிக்சல். ஓரத்து வாழையும் இலையும் தண்ணீரும் கலந்த பிக்சல். மேலே இருந்து பார்க்கிற கருவிக்கு இரண்டும் ஒரே கலவை. நான் ‘வயல்’ என்று பெயரிட்டு வைத்திருந்த மாதிரி நிறமாலை உண்மையில் ஒரு பொருளின் நிறமாலையே அல்ல, ஒரு விகிதத்தின் நிறமாலை.

வேறு அளவைகளையும் போட்டுப் பார்த்தேன். சராசரியைக் கழித்துவிட்டு ஒப்பிடுகிற ஒட்டுறவு முறை, 1000 பிரச்சினையைத் தானாகவே தாண்டிவிடும். கூட்டிய எண் சராசரியோடு போய்விடும். அந்த ஒரு குணத்துக்காகவே அதைக் கையோடு வைத்திருக்கலாம். ஆனால் வயலையும் வாழையையும் பிரிக்க அதுவும் உதவவில்லை. ஆய்வுக்கூடத்து நிறமாலைகளையும் தேடினேன். அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் 2017இல் வெளியிட்ட ஏழாம் பதிப்பு நிறமாலை நூலகம் பெரிய களஞ்சியம். கொங்கிறீற்று, மண், கனிமம் என்றால் அதிலிருந்து எடுத்துச் சென்டினலின் பட்டைகளுக்கு ஏற்பச் சுருக்கிப் பயன்படுத்தலாம். உயிருள்ள செடிக்கு அது சரிவராது என்பது என் அனுபவம். கருவிக்குக் கீழே வைத்து அளந்த இலையும், காற்றில் சரிந்து, பாதி கருகி, இடையில் பூவும் தண்ணீருமாகக் கிடக்கிற கிட்டங்கித் திட்டும் ஒரே அம்பு அல்ல.

அறுவடைக்குப் பிறகு

ஒரு படத்தில் பிரியாதது இரண்டு படத்தில் பிரியும். பெரும்போக வெள்ளாண்மை பெப்ரவரி, மார்ச்சில் வெட்டு முடிந்துவிடும். அதன் பிறகு வயலில் அடித்தாள் ஒட்டும் வைக்கோலும்தான். ஆற்றுவாழைக்கு அறுவடை இல்லை. வெட்டிய வயலின் எண்கள் ஏறத்தாழ 6, 9, 11, 19, 24, 22 என்று நிற்கும்: சிவப்பு ஏறியிருக்கும், குறுஅலைச் செந்நிறக்கீழ் ஏறியிருக்கும், ஏனென்றால் பச்சையமும் இலைநீரும் போய்விட்டன. வாழையிலிருந்து இதன் கோணம் 24.6 பாகை. 4.3 எங்கே, 24.6 எங்கே.

இன்னொரு நன்மையும் கிடைத்தது. வெட்டு முடிந்த நாளில் வயல் தூரத்தில் நிற்பதால் எல்லையைத் தாராளமாக விரிக்கலாம். 0.17 ரேடியன், 9.7 பாகை வைத்தேன். 8.6 பாகையில் நின்ற பாதி வாழை ஓரங்கள் உள்ளே வந்தன, வளையம் மறைந்தது. மார்ச்சில் வானமும் வெளித்திருக்கும். மாரி நடுவில் எடுத்த படத்தையும் இதையும் சேர்த்து, இரண்டிலும் வாழைக் கோணத்துக்குள் நிற்கிற இடத்தை மட்டும் நிரந்தரத் திட்டு என்று எடுத்தேன். மீனவர்களுக்கு வேண்டியதும் அதுதானே: வெள்ளம் வரும்போது எது மிதக்கிறது என்பதைவிட, வெள்ளம் வருமுன் எது எங்கே காத்துக்கிடக்கிறது என்பது.

மாதிரி நிறமாலையையும் புதிதாக எடுத்தேன். இதில் ஒரு தவறு விட்டேன், அதையும் எழுதத்தான் வேண்டும். பெப்ரவரியில் ஒருநாள் மாமாவின் தோணியில் போய் நல்ல அடர்ந்த திட்டு ஒன்றைச் சுற்றி ஜிபிஎஸ்ஸில் குறித்துவந்தேன். படம் நான்கு நாள் கழித்து வந்தது. குறித்த இடத்தில் பாதிக்கு மேல் தண்ணீர். வாடைக்காற்று திட்டை அப்படியே கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு போயிருந்தது. நிலத்தில் நிற்கிற செடிக்குச் செய்கிற வேலையை மிதக்கிற செடிக்குச் செய்யலாம் என்று நினைத்தது என் பிழை.

அடுத்த தடவை செய்மதி வருகிற நாளைக் கணக்கிட்டு, அன்று காலை பத்து மணிக்கு வாவிக்குள் நின்றோம். திறந்த நீரில் மிதக்கிற திட்டைத் தவிர்த்து, வலைக்கம்புகளுக்கும் பன்புல்லுக்கும் இடையில் சிக்கி நகர முடியாமல் நிற்கிற திட்டாகத் தேடினோம். 20 மீற்றர்ப் பட்டையும் வேண்டும் என்பதால் ஒரு பக்கம் 60 மீற்றராவது இருக்க வேண்டும்; அப்போதுதான் நடுவில் ஒரு பிக்சலாவது தண்ணீர் கலக்காமல் கிடைக்கும். மாமா தோணியைத் திட்டின் ஓரமாக விட்டுக் கோலை உள்ளே குத்தினார். கோல் செடிக்குள் கையளவு இறங்கி நின்றது. வேர்களும் பழைய தண்டுகளும் பின்னிப் பாய்போலக் கிடந்தன. ஒரு செடியைப் பிடுங்கித் தந்தார். காம்பு உப்பியிருந்தது; நகத்தால் கீறினால் உள்ளே முழுக்கக் காற்றறைகள், கடற்பஞ்சுபோல. இலைக்குள் இருக்கிற காற்றிடைவெளிகளில் மோதித்தான் செந்நிறக்கீழ் ஒளி திரும்பி வருகிறது. 38 என்ற எண்ணை அன்று கையில் பிடித்துப் பார்த்ததாகவே உணர்ந்தேன்.

வரைபடம் சரியா

வரைபடம் முடிந்ததும் மாமாவும் இன்னும் இரண்டு பேரும் நானுமாக, ஊதா என்று காட்டிய இடங்களுக்குத் தோணியில் போனோம். பெரும்பாலும் வாழைதான். மூன்று இடத்தில் வரைபடம் ஏமாற்றியது. ஒன்று தாமரைப் பரப்பு. மாரியிலும் பச்சை, மார்ச்சிலும் பச்சை, அகன்ற இலை. மற்றொன்று கரையோரப் பன்புல். மூன்றாவது ஒரு வட்டையின் பள்ளக் காணி, எல்லாரும் வெட்டிய பிறகும் நீர் வடியாததால் பிந்தி விதைத்துப் பச்சையாக நின்றது. இந்த மூன்றாவதை எந்தக் கோணமும் காப்பாற்றாது. அந்தக் காணிக்காரர் எப்போது விதைத்தார் என்று வட்டவிதானையிடம் கேட்டால்தான் தெரியும். கேட்டேன், அழித்தேன்.

தாமரைக்கும் பன்னுக்கும் தனித்தனி மாதிரி எடுத்து மறுபடி ஓட்டினேன். பன் பிரிந்துவிட்டது, காய்ந்த தாள்கள் கலந்து நிற்பதால் குறுஅலைச் செந்நிறக்கீழில் அது வேறாகத் தெரிகிறது. தாமரை ஓரளவுதான் பிரிந்தது. ஆகவே சங்கத்துக்குக் கொடுத்த வரைபடத்தில் இரண்டு நிறம் வைத்தேன்: வாழை என்று நிச்சயமானது அடர் ஊதா, வாழையோ தாமரையோ என்று ஐயமானது வெளிறிய ஊதா. கோண எண்களையும் தனித்தாளில் அச்சிட்டுச் சேர்த்தேன். எந்தப் பிக்சலும் ‘வாழை’ என்று பிறப்பதில்லை, 3 பாகை, 7 பாகை என்று ஓர் எண்ணாகத்தான் வருகிறது. எங்கே கோடு கிழித்தேன் என்று வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும். மனுக்கொடுக்கப் போகிற இடத்தில் யாராவது ஒரு திட்டைக் காட்டி இது தாமரை என்று சொன்னால், முழு வரைபடமும் பொய் என்று தூக்கிப் போடாமல், “அது நாங்களே ஐயம் என்று குறித்த இடம்” என்று அவர்கள் பதில் சொல்ல முடிய வேண்டும்.

அடர் ஊதா மிகுந்து கிடந்தது பாலத்தடியில் அல்ல. மேலே, மேற்குப் பக்கம், வாய்க்கால்கள் வந்து விழுகிற ஒதுக்குகளில். வயலிலிருந்து உரம் கரைந்த நீர் வருகிற இடங்கள் அவை. மாமா அதைப் பார்த்துவிட்டு விரலால் ஒவ்வொரு ஒதுக்கையும் தொட்டு ஊர்ப்பெயர் சொல்லிக்கொண்டு வந்தார். ஐந்தாவதில் நிறுத்தினார். “இந்த மூலையில நான் போன கிழமையும் வலை போட்டன் மனே. இங்க வாழை இல்ல, சல்வீனியா.”

சல்வீனியா வேறொரு மிதக்கும் களை. அதற்கு என்னிடம் மாதிரி நிறமாலை இல்லை. அடுத்த செய்மதி நாளைப் பார்த்துச் சொன்னேன். காலை எட்டு மணிக்குத் துறையில் நிற்கச் சொல்லியிருக்கிறார்.